பழைய கணினிக்குச் சாட்டா எஸ்எஸ்டியே போதும்

கொழிஞ்சாம்பாறையில் எங்கள் வீட்டு மேசைக் கணினியின் ஹார்டு டிஸ்குக்குப் பதிலாக எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாமல் சில்லுகளில் தகவலைச் சேமிக்கும் டிரைவ்) போடப் போகிறேன் என்றதும், கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் தங்கை மகன், "என்விஎம்இ வாங்கிடுங்க மாமா, நொடிக்கு 3,500 மெகாபைட் ஓடும்" என்றான். அதிவேக எஸ்எஸ்டி வகையான என்விஎம்இக்கு அந்த எண் சரிதான், ஆனால் இன்டெல் நான்காம் தலைமுறை பிராசசருடன் வந்த எங்கள் எச்81 மதர்போர்டில் அதைச் செருகும் எம்.2 இணைப்பே கிடையாது. மாற்று அட்டை வாங்கி, கூடுதல் அட்டைகளுக்கான பிசிஐஇ ஸ்லாட்டில் செருகினாலும், அந்தக் காலத்து பயாஸ் (கணினியை எழுப்பும் அடிப்படை மென்பொருள்) பெரும்பாலும் என்விஎம்இயிலிருந்து பூட் ஆக விடாது.

உண்மையில் பழைய டிஸ்கின் தாமதம் அது நொடிக்கு எத்தனை மெகாபைட் தருகிறது என்பதில் இல்லை. நிமிடத்திற்கு 7,200 முறை சுழலும் தட்டு ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிநொடி எடுத்துக்கொள்கிறது. கணினி எழும்போது அங்கங்கே சிதறிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைத் தேடி அதன் படிக்கும் முனை அலைகிறது. எஸ்எஸ்டியில் சுழல எதுவும் இல்லாததால் அந்தக் காத்திருப்பு ஏறக்குறைய மறைந்துவிடுகிறது. ஹார்டு டிஸ்கைப் போலவே சாட்டா கேபிளில் இணைந்து நொடிக்கு 550 மெகாபைட் தரும் சாட்டா எஸ்எஸ்டியிலேயே அந்த வேறுபாடு முழுமையாகத் தெரியும். அதற்கு மேல் கொடுக்கும் பணம் பெருமைக்குத்தான்.

பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கொண்டுவரும் தூசி கேபினெட்டின் விசிறியில் கம்பளி போலப் படிந்திருந்ததால், அதைத் துடைத்த பிறகே கேபிளைத் தொட்டேன். எச்81இல் நான்கு சாட்டா போர்ட்டுகளில் இரண்டு மட்டுமே 6 கிகாபிட் வேகம் கொண்டவை. மற்ற இரண்டில் செருகினால் பாதி வேகம் வீணாகிவிடும்.

விண்டோஸ் 11 இந்த பிராசசரை ஆதரிப்பதில்லை. 10க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. ஆகவே லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை நிறுவினேன். நிறுவும்போது பழைய டிஸ்கின் கேபிளைக் கழற்றி வைப்பது முக்கியம். இல்லாவிட்டால் பூட் கோப்புகள் அதிலேயே போய் உட்கார்ந்துகொள்ளக்கூடும், பின்னாளில் அந்த டிஸ்கை எடுத்தால் புதிய எஸ்எஸ்டியும் எழாது. அதற்கு முன்பே, ஷிப்ட் விசையை அழுத்தியபடி விண்டோஸை முழுமையாக நிறுத்திவிட வேண்டும். சாதாரணமாக நிறுத்தினால் விண்டோஸ் அரைத்தூக்கத்திலேயே இருக்கும், அப்படி நின்ற பழைய டிரைவில் லினக்ஸ் எழுத மறுக்கும்.

அப்பாவின் நிலப் பத்திரங்களை ஸ்கேன் செய்த, மலையாளத்தில் உள்ள கோப்புகள் பழைய டிஸ்கிலேயே இருக்கின்றன. எஸ்எஸ்டி பழுதானால் பெரும்பாலும் முன்னறிவிப்பின்றியே போய்விடும் என்பதால், அவற்றை அதற்கு மாற்றவில்லை. இன்னொரு பிரதி வெளி டிஸ்கில் உள்ளது.