தகர டப்பாவில் விழுந்த வர்க்கி

ஆகஸ்ட் 5, 2024

ஆபரேஷன் முடிந்து இன்றோடு 12 நாள். கோயம்புத்தூரிலிருந்து வீட்டுக்கு வந்து ஒரு வாரம் ஆகிறது. கல்லாறு தாண்டியதும் தொடங்கும் 14 கொண்டை ஊசி வளைவுகளிலும் ஒரு தலையணையை வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டே வந்தேன்.

எனக்குச் செய்தது எடையைக் குறைக்கும் ஸ்லீவ் ஆபரேஷன். இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை வாழைப்பழம் போல ஒரு குழாயாக விட்டிருக்கிறார்கள். பசியைக் கிளப்பும் கிரெலின் என்ற ஹார்மோன் அதிகமாகச் சுரப்பது வெட்டி எடுத்த பகுதியில்தானாம். அதனால் இப்போது பசி என்பதே தெரியவில்லை. 46 வயது, 126 கிலோ, கூடவே சர்க்கரை. இதற்கு முன்னால் பசியில்லாத ஒரு நாள் எனக்கு நினைவில் இல்லை.

வடிகட்டிய பருப்புத் தண்ணீர், மோர், புரதப் பொடி கலந்த பால், இவ்வளவுதான் சாப்பாடு. பெரிய பாடு தண்ணீர்தான். ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டராவது உள்ளே போக வேண்டும், ஆனால் மடமடவென்று குடிக்க முடியாது, வாய் வாயாகத்தான். இந்த மழையிலும் குளிரிலும் குன்னூரில் தாகம் எங்கே எடுக்கிறது? அரை லிட்டர் ஃபிளாஸ்கில் வெந்நீர் ஊற்றிப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். மூன்று தடவை காலியானால் அன்றைய கணக்கு முடிந்தது.

ஆகஸ்ட் 21

மசித்த உணவுக்கு வந்துவிட்டேன். நம் ஊர் உயரத்தில் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது, திறந்த பாத்திரத்தில் பருப்பு லேசில் மசியாது. குக்கரில் இன்னும் மூன்று விசில் கூட்டி வைத்தபின்தான் எனக்கு ஒத்துக்கொண்டது.

எடை பத்து நாளாக 117-ஐ விட்டு அசையவில்லை. பயந்துபோய் டயட்டீஷியன் மேடத்துக்கு போன் செய்தேன். இந்தச் சமயத்தில் நிறையப் பேருக்கு எடை இப்படி நிற்கும், தராசை வாரம் ஒரு முறை மட்டும் பாருங்கள் என்றார்.

அம்மாவுக்குத்தான் மனசு ஆறவில்லை. "நாலு ஸ்பூன் சாப்பிட்டா எப்படிடா உசிரு நிக்கும்?" என்று கிண்ணத்தைப் பார்த்துக் கண் கலங்குகிறார். என்னைப் பெற்றவரிடம் புரதக் கணக்கு பேசி என்ன ஆகப்போகிறது?

செப்டம்பர் 12

பேக்கரிக்குத் திரும்பி மூன்று நாள் ஆகிறது. இன்று நடந்ததைக் கொஞ்சம் விரிவாகவே எழுதி வைக்கிறேன், எனக்கே நாளைக்கு வேண்டியிருக்கும்.

இந்த விறகு அடுப்புக்கு முன்னால் 22 வருஷம் நின்றிருக்கிறேன். வர்க்கி என்பது அடுக்கடுக்காக மொறுமொறுவென்று இருக்கும் எங்கள் ஊர் பிஸ்கட். தட்டு வெளியே வந்ததும் ஒன்றை எடுத்து உடைத்துப் பார்ப்பேன். முறியும் சத்தம் எப்படி இருக்கிறது, உள் அடுக்கு காய்ந்திருக்கிறதா என்று பார்ப்பதுதான் வேலை. உடைத்த துண்டு வாய்க்குப் போவது வேலையே இல்லை. ஆனால் அதுவும் 22 வருஷமாக நடந்திருக்கிறது.

முதல் நாள் நாலு மணி ஷிஃப்டில் முதல் தட்டை உடைத்ததும் கை தானாக வாய்வரை வந்துவிட்டது. பசி துளிகூட இல்லை, ஆசை என்றும் சொல்ல முடியாது. கைக்கு அந்த வழி மட்டும் தெரிந்திருக்கிறது. சுருக்கென்று இருந்தது. அதனால் இன்று ஒரு தகர டப்பாவை இடுப்புக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். எப்போதெல்லாம் கை வாய்க்கு வந்ததோ, அந்தத் துண்டை டப்பாவில் போட்டேன். பத்து மணிக்கு அதைப் பேக்கரித் தராசில் வைத்துப் பார்த்தேன்.

410 கிராம்.

காலை டிபனுக்கு முன்னால், சாப்பாடு என்ற கணக்கிலேயே வராமல், மைதாவும் சர்க்கரையும் வனஸ்பதியுமாக 410 கிராம். "நான் அதிகமா ஒண்ணும் சாப்பிடறதில்ல டாக்டர்" என்று எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன்! பொய் சொல்ல வேண்டும் என்று சொன்னதில்லை. எனக்கே தெரியாது.

டப்பாவைப் பார்த்த, கூட வேலை செய்யும் தம்பிகளில் ஒருவன், "அண்ணே, இனிமே உடைக்கிறதை நான் பாத்துக்கறேன், நீங்க அடுப்பைப் பாருங்க" என்றான். சரி என்றேன். ஆனாலும் டப்பா அங்கேயே இருக்கட்டும்.

செப்டம்பர் 15

இன்று தெரிந்துகொண்ட விஷயம் இன்னும் முக்கியமானது. வேகவைத்த முட்டை ஒன்று சாப்பிட எனக்கு இருபது நிமிஷம் ஆகிறது, பாதியிலேயே வயிறு போதும் என்கிறது. ஆனால் டீயில் நனைத்த வர்க்கி அப்படியில்லை. அது கரைந்து வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும், வயிற்றில் தங்காது, நிறைந்த உணர்வும் வராது. ஐந்து, ஆறு என்று போனாலும் இந்தச் சின்ன இரைப்பை தடுக்காதாம். ஆபரேஷன் செய்தும் சில வருஷங்களில் எடை திரும்பி வருகிறவர்களிடம் இப்படி நனைத்துச் சாப்பிடுவதையும் நொறுக்குத் தீனியையும் நிறையப் பார்ப்பதாக மேடம் சொன்னார்.

அப்படியென்றால் முட்டைக்குத்தான் பூட்டு, வர்க்கிக்கு வாசல் திறந்தேதான் இருக்கிறது.

அக்டோபர் 6

மேட்டுப்பாளையத்தில் ஒரு கல்யாணம். பேச்சு சுவாரஸ்யத்தில் சப்பாத்தியைச் சரியாக மெல்லாமல் விழுங்கிவிட்டேன். நெஞ்சு நடுவில் கல் மாதிரி நின்றது. எச்சில் நுரையாகப் பொங்கிக்கொண்டு வந்தது. தண்ணீர் குடித்தால் இறங்கிவிடும் என்று குடித்தது அதைவிடப் பெரிய தப்பு. கை கழுவும் இடத்தில் போய் வாந்தி எடுத்த பிறகுதான் மூச்சு வந்தது.

வீட்டுக்காரி ஒரு வார்த்தை திட்டவில்லை. வீட்டுக்கு வந்ததும் என் தட்டை மாற்றிவிட்டாள். இனி குழந்தைகளின் சின்னத் தட்டும் டீஸ்பூனும்தான். முதலில் முட்டை, கோழி, பயறு, அப்புறம் காய், இடம் இருந்தால் கடைசியாகச் சோறு. சாப்பாட்டோடு தண்ணீர் கிடையாது, அரை மணி நேரம் கழித்துத்தான். ரசமும் தண்ணீர்க் கணக்குதான்.

அக்டோபர் 31

தீபாவளி. ஒரு வாரமாகத் தூக்கமே இல்லை. டப்பாவில் இன்று விழுந்தது இரண்டு துண்டு.

நவம்பர் 27

ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 10.6. இரும்புச்சத்து மாத்திரையை ஒரு நாள் தவறாமல் போட்டிருக்கிறேனே, எப்படி?

கேட்டபிறகுதான் தெரிந்தது, காலை டீயோடு போட்டிருக்கிறேன். டீயில் இருக்கும் டானின் இரும்பை உடம்பில் ஏற விடாது. கால்சியம் மாத்திரையையும் சேர்த்தே விழுங்கியிருக்கிறேன், அதுவும் இரும்பைத் தடுக்கும். வெட்டிய இரைப்பையில் அமிலம் ஏற்கெனவே குறைவு. தேயிலைத் தோட்டத்துக்கு நடுவில் பிறந்து வளர்ந்தவனுக்கு டீ மேல் சந்தேகம் வருமா?

இப்போது காலையில் டீ, மதியம் கால்சியம், ராத்திரி நெல்லிக்காய்ச் சாறோடு இரும்பு. பி12 தனி. இதெல்லாம் ஆயுசுக்கும் உண்டு. முதுகு வலிக்குக் கடையில் கேட்டு வாங்கிப் போடும் வலி மாத்திரைக்கு இனி இடமில்லை, புண் வந்துவிடும்.

டிசம்பர் 22

தலை வாரினால் கொத்தாக முடி வருகிறது. எடை வேகமாக இறங்கும்போது நாலாவது மாதத்தை ஒட்டி இப்படிக் கொட்டும், புரதம் சரியாக இருந்தால் திரும்ப முளைக்கும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். அதனால் கணக்கை இறுக்கிப் பிடிக்கிறேன்: முட்டைக்கு 6 கிராம், நூறு கிராம் கோழிக்கு 25, இப்படியே சேர்த்து ஒரு நாளைக்கு 60 வரவேண்டும்.

பிளம் கேக் வேலை முடிந்ததும் பெட்ஃபோர்டிலிருந்து சிம்ஸ் பார்க் வரை ஏறினேன். ஜூலையில் இந்த ஏற்றத்துக்கு ஆட்டோதான். இன்று இரண்டே இடத்தில்தான் நின்றேன், அதில் ஒன்று மூச்சுக்காக இல்லை, பனி விலகிப் பள்ளத்தாக்கு தெரிந்ததற்காக.

ஜனவரி 24, 2025

ஆறு மாதம். 95 கிலோ. சர்க்கரை மாத்திரைகளில் இரண்டை டாக்டர் நிறுத்திவிட்டார், ஒன்று தொடர்கிறது.

மதியம் வேலை முடிந்து வந்தபோது வீட்டில் அம்மா மட்டும்தான் இருந்தார். சின்னத் தட்டை எடுத்து வைத்தார். முட்டையை உரித்து நாலாக வெட்டி முதலில் வைத்தார். அவரைக்காயை அடுத்து வைத்தார். சோற்றுப் பானையைத் திறக்கவே இல்லை. ஃபிளாஸ்கை மட்டும் என் கைக்கு எட்டாத இடத்துக்கு நகர்த்தி வைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்து, "மெதுவா மென்னு சாப்பிடு சாமி, அவசரமில்ல" என்றார்.