ஒரு கட்டைச் சுருதியில் ஒரு ஹம்

12 ஏப்ரல் 2025, சனி

சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெரு. ஜான் லின்ஸ்லி ஹூட் 1969 ஏப்ரல் 'வயர்லெஸ் வேர்ல்ட்' இதழில் கொடுத்த 10 வாட் கிளாஸ் ஏ ஆம்ப்ளிஃபயர் சர்க்யூட்டைத்தான் கட்டப்போகிறேன். சேனலுக்கு நாலே டிரான்சிஸ்டர். 2என்3055 என்ற பவர் டிரான்சிஸ்டர் நாலு வாங்கி வந்தால், கையில் எடுக்கும்போதே கனம் இல்லை. சந்தேகத்தில் ஒன்றின் மண்டையை ஹாக்சா பிளேடால் அறுத்துப் பார்த்தேன். உள்ளே இருந்த சிப் வெந்தயம் அளவுகூட இல்லை. திரும்பப் போய், வேறு கடையில் ரெட்டை விலைக்கு நாலு.

டிரான்ஸ்ஃபார்மர் சுற்றும் பெரியவரிடம் 22 வோல்ட், 5 ஆம்பியர் கேட்டேன். "எத்தனை வாட் ஆம்ப்ளிஃபயர் தம்பி?" ரெண்டு சேனலும் சேர்த்து இருபது என்றதும் சிரித்துவிட்டார். பாட்டு ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஒரு சேனல் 27 வோல்ட்டில் 1.2 ஆம்பியர் குடிக்கும், அதாவது சும்மா இருக்கும்போதே ரெண்டும் சேர்ந்து 65 வாட் என்று விளக்கினேன். "அப்போ இஸ்திரிப் பெட்டின்னு சொல்லுங்க."

16 ஏப்ரல், புதன்

ஹீட் சிங்க்கில் துளை போட்டேன். 2என்3055-ன் உலோக உடம்பே கலெக்டர் என்பதால் அடியில் மின்சாரம் கடத்தாத மைக்கா தகடு வைக்க வேண்டும். வைத்தேன், பேஸ்ட்டும் தடவினேன். அப்படியும் மீட்டர் ஷார்ட் என்று 'பீப்' அடித்தது. கழற்றிப் பார்த்தால், டிரில் விட்ட பிசிறு மைக்காவில் ஊசி முனை அளவு ஓட்டை போட்டிருக்கிறது. பெரிய டிரில் பிட்டைத் துளையின் வாயில் வைத்துக் கையால் நாலு சுற்று. புது மைக்கா. பீப் இல்லை.

20 ஏப்ரல், ஞாயிறு

முதல் கரண்ட். எங்காவது ஷார்ட் இருந்தால் காட்டிக்கொடுக்க, வழக்கம்போல மெயின்ஸ் கம்பியில் சீரிஸாக ஒரு பல்பு போட்டேன். மற்ற ஆம்ப்ளிஃபயர்களில் பல்பு ஒரு தரம் மின்னி மங்கினால் நிம்மதி. எப்போதும் கரண்ட் குடிக்கும் கிளாஸ் ஏ-யில் மங்கவே மங்காது, ஷார்ட்டா சரியா என்று பல்பைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் கரண்ட்டைக் குறைத்து வைத்து ஆரம்பித்து, மீட்டரை ஃபியூஸ் இடத்தில் போட்டு மெல்ல ஏற்றினேன். குளிரில் 1 ஆம்பியர், அரை மணி சூடேறியதும் 1.2. ரெண்டு அவுட்புட் டிரான்சிஸ்டரும் சேரும் நடுப்புள்ளி 13.5 வோல்ட், 27-ல் சரிபாதி.

ஒரு கட்டைச் சுருதியில் ஒரு பழைய வாய்ப்பாட்டுக் கச்சேரி போட்டேன். குரல் அருமை. ஆனால் தம்புரா மட்டும் நொடிக்கு ரெண்டு தடவை அலைகிறது. பதிவு கோளாறு என்று நினைத்தேன். பாட்டை நிறுத்தினால் ஸ்பீக்கரில் 'ம்ம்ம்'. அப்புறம்தான் உறைத்தது: அந்தச் சுருதிக்குத் தம்புராவின் மந்தர பஞ்சமம் (கீழ் ஸ்தாயி 'ப') 98 ஹெர்ட்ஸ், நம் வீட்டு 50 ஹெர்ட்ஸ் ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபயரின் ஹம் அதற்கு ரெட்டை, 100. ரெண்டும் மோதுகின்றன.

டிசியில் மிச்சமிருக்கும் அலையாக, அதாவது ரிப்பிளாக, இருக்காது. 22,000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், அதற்குப் பிறகு அந்த அலையை இன்னும் வடிகட்டும் கெப்பாசிட்டர் மல்டிப்ளையர், எல்லாம் போட்டாகிவிட்டது.

27 ஏப்ரல், ஞாயிறு

மல்டிப்ளையரை இரண்டு தடவை பிரித்து மாட்டியதில் ஒரு வாரம் போனது.

இன்று சாயங்காலம் கரண்ட் போனது. பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் எடுத்துக்கொண்டது. டிரான்ஸ்ஃபார்மர் பெட்டிக்குள் கரகரவென்று உறுமியது, 27 வோல்ட் 18-க்கு இறங்கியது. ஆனால் ஸ்பீக்கரில் அந்த ஹம் கிட்டத்தட்ட இல்லை! வோல்ட் இறங்கியதில் வியப்பில்லை, சதுர அலைக்கு உச்சி கிடையாது. சைன் அலையில் கெப்பாசிட்டர் அந்த உச்சியில் மட்டும் ஒரே இழுப்பாக இழுக்கும். சதுர அலையில் நிதானமாக, கிட்டத்தட்ட முழு நேரமும் நிரம்பும். அப்படியென்றால் குற்றவாளி அந்த இழுப்புதான். அது போகிற கம்பியில் சிக்னல் கிரவுண்டை, அதாவது ஒலிச் சிக்னலின் பூஜ்ய வோல்ட் புள்ளியை, கட்டியிருக்கிறேனா?

மூடியைத் திறந்தேன். கட்டியிருக்கிறேன். ரெக்டிஃபயர் பிரிட்ஜின் மைனஸுக்கும் கெப்பாசிட்டரின் மைனஸுக்கும் நடுவே, நாலு அங்குலக் கம்பியில், பார்வையாக இருக்கட்டும் என்று கிரவுண்டு கம்பிகளுக்கு ஒரு டேக்.

3 மே, சனி

டேக்கைக் கழற்றிவிட்டு, கெப்பாசிட்டர் மைனஸிலிருந்து தனிக் கம்பி இழுத்து, அதன் நுனியில் இன்புட், ஸ்பீக்கர் இரண்டின் கிரவுண்டையும் சேர்த்தேன். பத்து நிமிட வேலை. இப்போது ஸ்பீக்கர் கோனில் காதை ஒட்டினால்தான் ஏதோ இருக்கிறது. தம்புரா அசையாமல் நிற்கிறது.

4 மே, ஞாயிறு

அக்னி நட்சத்திரம் தொடக்கம். அறை 35 டிகிரி, ஹீட் சிங்க் 66. அம்மா கதவருகே வந்து நின்று, "இதை மாடியில கொண்டு போய் வச்சுக்கடா" என்று ஃபேனை ஐந்தில் வைத்துவிட்டுப் போனாள். இனி ராத்திரி பத்துக்கு மேல்தான் கேட்க வேண்டும். வலது சேனலின் நடுப்புள்ளி 13.1-ல் நிற்கிறது, அதையும் அப்போதே பார்த்துக்கொள்கிறேன்.