வாடை அடித்த நாளில் தெலுக் ஆயர்

சிங்கப்பூர் சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயிலை விட்டு வெளியே வந்ததும் அத்தை என் மகளின் தலையை முந்தானையால் மூடினார். "காத்துக் கருப்பு அண்டிடும்ப்பா." டிசம்பர் மாதம், மழை விட்டு வாடைக்காற்று அடித்துக்கொண்டிருந்தது. அம்மன் சன்னிதித் திருநீறு வேறு அவர் கைக்குட்டை முடிச்சில் பத்திரமாக இருந்தது.

அத்தைக்கு நாகப்பட்டினம். மாமா கடலுக்குப் போனவர். காற்றைக் கண்டு பயப்படுவதும் அதே காற்றை வேண்டிக்கொள்வதும் அந்த வீட்டில் ஒன்றாகவே இருந்தன.

பத்து நிமிட நடையில் தெலுக் ஆயர் தெரு. தெலுக் ஆயர் என்றால் மலாயில் நீர் விரிகுடா. "கடல் எங்கப்பா?" என்றார் அத்தை. 1880களில் தூர்த்துவிட்டார்கள் என்றேன். முன்பு அலை வந்த இடத்தில் இப்போது வானுயர்ந்த அலுவலகங்கள்.

அங்கே உள்ள தியான் ஹாக் கெங் என்ற சீனக் கோயில் 1839இல் தொடங்கி 1842இல் முடிந்தது. சீனாவின் பூக்கியன் பகுதியிலிருந்து கப்பலேறி, உயிரோடு கரை சேர்ந்தவர்கள் நன்றிக்குக் கட்டியது. உள்ளே கடலன்னை மாசூ. பெருங்காற்றில் சிக்கிய அப்பாவையும் அண்ணன்களையும் காக்க, வீட்டில் இருந்தபடியே ஆவியாய்க் கடலுக்குப் போனவள் என்பது கதை. கேட்டதும் எனக்கு நம் மணிமேகலா தெய்வம் நினைவுக்கு வந்தது. கோவலனின் முன்னோர் ஒருவரைக் கடலில் காத்தவள், மகளுக்கு அவன் வைத்த பெயரும் அவளுடையதே.

ஆனால் அத்தையைப் பிடித்து நிறுத்தியது மாசூ இல்லை, அவளுடைய காவலர்களில் ஒருவர். ஒருவருக்கு ஆயிரம் காதம் பார்க்கும் கண், மற்றவருக்குக் காற்றோடு வருவதைக் கேட்கும் காது. இருவரும் பேய்களாய் இருந்து அவளிடம் தோற்றுப் பணியாளானவர்கள். இரண்டாமவர் பேருக்கே 'காற்றுவழிக் காது' என்றுதான் பொருள் என்று சொன்னேன்.

"அப்ப நடுக்கடல்ல கூப்பிட்டாலும் கேக்கும்," என்றார் அத்தை. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் அவரே கணக்குப் போட்டார். சீனத்துக் கப்பலைத் தெற்கே தள்ளி வந்தது வாடை. நாகையிலிருந்து வந்தவர்களைத் திரும்ப ஊருக்குக் கொண்டுபோனதும் வாடைதான். ஒரே காற்றில் ஒருவர் வர, இன்னொருவர் கிளம்பியிருக்கிறார்! புத்தகத்தில் பருவக்காற்று என்று படித்த எனக்கு இது தோன்றவே இல்லை.

அண்ணாந்து பார்த்தால் கூரையைத் தாங்குவது போல ஓர் இந்திய உருவம். கோயில் வேலையில் நம்மூர்க்காரர்கள் கைகொடுத்ததற்கு அடையாளம் என்கிறார்கள். அதே தெருவில் சோழமண்டலக் கரை முஸ்லிம்கள் 1830வாக்கில் கட்டிய நாகூர் தர்கா. கப்பல் ஓட்டையைக் கண்ணாடி எறிந்து அடைத்த ஆண்டவர் கதையை அத்தைக்கு நான் சொல்லத் தேவையில்லை. வாசலில் நின்று கும்பிட்டார்.

அப்புறம் கைக்குட்டை முடிச்சை அவிழ்த்து, மகளின் நெற்றியில் திருநீறு இட்டு, காதோரம் ஊதிவிட்டார்.