வீட்டைப் புதுப்பித்து விற்பவர்கள் தேதியைப் பாருங்கள்

2022 ஜனவரியில் மடிப்பாக்கம் ஃபிளாட்டை விற்றேன். ஆதாயம் 22 லட்சம். அதை அடுத்த வீட்டில் போட்டால் 1961 வருமான வரிச் சட்டத்தின் 54-ஆம் பிரிவில் வரி இல்லை. ஆனால் வருமான வரிக் கணக்கு தாக்கலுக்குக் கடைசி நாளான ஜூலை 31 நெருங்கியும் வீடு அமையவில்லை. அதற்குள் பணம் கேபிடல் கெயின்ஸ் கணக்கில், அதாவது வீடு வாங்கும்வரை ஆதாயத்தைப் போட்டு வைக்கும் தனி வங்கிக் கணக்கில், போயாக வேண்டும்.

எங்கள் வங்கிக் கிளையில் இருந்தவர், "அப்படி ஒரு கணக்கே கிடையாது சார், எஃப்டி போடுங்க, எல்லாம் ஒண்ணுதான்" என்றார். ஒன்றே இல்லை! சாதாரண எஃப்டியில் கிடக்கும் பணத்துக்கு விலக்கு கிடைக்காது. நல்ல வேளை, ஆடிட்டர் அதே வங்கியின் பெரிய கிளைக்கு அனுப்பினார். அங்கே ஃபார்ம் ஏ கொடுத்ததும் கணக்கு தொடங்கினார்கள். பணத்தை எடுத்தால் 60 நாளுக்குள் வீட்டுக்குச் செலவழிக்க வேண்டும். பத்திரப் பதிவு தேதி முடிவான பிறகு எடுங்கள்.

அக்டோபரில் குரோம்பேட்டையில் பழைய தனி வீடு, பதிவுச் செலவோடு 60 லட்சம். அடுத்த ஐந்து மாதத்தில் வயரிங், பாத்ரூம், மாடியில் ஓர் அறை, பெயின்ட் என்று 14 லட்சம் போனது. காண்டிராக்டரோ, "பில் போட்டா 18 சதவீதம் ஜிஎஸ்டி ஆகும்" என்று கடைசிவரை பில்லே தரவில்லை. கடை பில்லும் வங்கி வழியாகக் கொடுத்த கூலியும் சேர்ந்து 10 லட்சம்தான் கணக்கில் நின்றது. பெயின்ட், சில்லறை ரிப்பேர் எல்லாம் பராமரிப்புச் செலவு, சேராது என்றார் ஆடிட்டர்.

2024 ஜூனில் ஒருவர் 85 லட்சத்துக்குக் கேட்டார். புரோக்கர் விடவே இல்லை. ஆடிட்டர் பேப்பரில் போட்டுக் காட்டியதும் எனக்கு வியர்த்துவிட்டது. புது வீட்டை மூன்று வருடத்துக்குள் விற்றால் பழைய விலக்கு 22 லட்சத்தை வாங்கிய விலையிலிருந்து கழித்துவிடுவார்கள். ஆக 60 லட்சம் 38 ஆகும். கணக்கில் நின்ற 10 லட்சத்தையும் சேர்த்தால் 48. 85-இல் அது போக ஆதாயம் 37 லட்சம். இரண்டு வருடமும் ஆகாததால் குறுகிய காலக் கணக்கு, 54-ஆம் பிரிவும் உதவாது. என் சம்பளத்துக்கு 30 சதவீத ஸ்லாப். வரி 11 லட்சத்துக்கு மேல். வீட்டில் எனக்கு உண்மையாகக் கிடைக்கும் லாபமே அந்த 11 லட்சம்தான்!

"பத்திரத்துல குறைச்சுப் போட்டு மீதியை ரொக்கமா வாங்கிக்கலாம்" என்றார் புரோக்கர். தயவுசெய்து இதற்கு இணங்காதீர்கள். சொத்து விற்பனையில் 20,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரலாம்.

பொறுத்திருந்து 2025 நவம்பரில் 88 லட்சத்துக்கு விற்றேன். 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய வீடு என்பதால் 12.5 சதவீதம், இன்டெக்சேஷனோடு (வாங்கிய விலையை விலைவாசிக்கு ஏற்ப உயர்த்திக் கணக்கிட்டு) 20 சதவீதம், இரண்டில் குறைவானதைக் கட்டலாம். எனக்கு 20 சதவீதக் கணக்கே குறைவு, சுமார் 1.7 லட்சம்.

அடிக்கடி வாங்கி விற்றால் இதை வியாபார வருமானம் என்று துறை கேள்வி எழுப்பலாம். குடியிருந்ததைக் காட்ட ஈபி ரசீது, கேஸ் முகவரி எல்லாம் எடுத்து வைத்திருக்கிறேன். இந்த முறை விலக்கு கேட்கவில்லை. டிசம்பர் 15 அட்வான்ஸ் டாக்ஸ் தவணையிலேயே வரியைக் கட்டிவிட்டேன். விலக்கு கேட்காததால் அடுத்த வீட்டுக்கு இந்த மூன்று வருடப் பூட்டு கிடையாது.