கார்டு கடனுக்குத் திவால் மனு: போடுவதற்கு முன் ஒரு கணக்கு

கிரெடிட் கார்டு பாக்கி 1,00,000, மாத வட்டி 3 சதவீதம், மாதாமாதம் கட்டியே ஆக வேண்டிய குறைந்தபட்சத் தொகை பாக்கியில் 5 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் மாதம் கட்டும் 5,000-இல் 3,000 வட்டிக்கே போய்விடும். பாக்கி குறையக் குறைய குறைந்தபட்சத் தொகையும் இறங்குவதால், அதை மட்டுமே கட்டி வந்தால் மூன்று வருடம் நெருங்கும்போதுதான் பாதிக் கடன் அடையும். அதே 5,000-ஐ இறக்காமல் கட்டினால் சுமார் 31 மாதத்தில் மொத்தமும் முடிந்துவிடும். கார்டை மறுபடி தேய்க்கக்கூடாது, அவ்வளவுதான்.

வீட்டுச் செலவு போக மிஞ்சுவது மாத வட்டிக்கே போதவில்லையா? முதலில் வங்கியிடம் வட்டிக் குறைப்பு கேளுங்கள். ஒப்புக்கொண்டதை எழுத்தில் வாங்கிய பிறகே பணம் கட்டுங்கள். அதுவும் நடக்காவிட்டால் திவால் மனுவை, அதாவது கடனைக் கட்ட முடியவில்லை என்று நீதிமன்றத்தில் போடும் மனுவை, யோசிப்பதில் தவறே இல்லை, வெட்கப்படவும் வேண்டாம்.

ஆனால் ஜாமீன் போட்டவர் உங்களோடு சேர்ந்து விடுபட மாட்டார். வங்கி அவரிடம் போகும். ஜீவனாம்சம், அபராதம் போன்றவை பெரும்பாலும் தள்ளுபடியாகாது. மனுவுக்கு முன் மைத்துனர் கடனை மட்டும் அடைப்பது, வீட்டை மனைவி பேருக்கு மாற்றுவது, கார்டில் கடைசியாக நகை வாங்குவது: வழக்கு கெடுவது பெரும்பாலும் இங்கேதான். கைமாறியதை நீதிமன்றம் மூலம் திரும்பப் பிடுங்க முடியும், மோசடி என்று மனுவே தள்ளப்படலாம். விதிகள் நாட்டுக்கு நாடு மாறும்; கடைசி ஒரு வருட ஸ்டேட்மென்ட்டுகளோடு வக்கீலைப் பாருங்கள்.