ஆத்தூரிலிருந்து மன்னார்குடிக்கு ஓர் அறுவடை இயந்திரம்

சம்பா அறுவடைக்காக எங்கள் பெல்ட் வண்டியை, அதாவது ரப்பர் பட்டையில் ஓடும் நெல் அறுவடை இயந்திரத்தை, ஆத்தூரிலிருந்து மன்னார்குடிப் பக்கம் கொண்டுபோவது எங்களுக்கு மூன்றாம் ஆண்டு. சேறு உலராத வயலில் டயர் வண்டி புதைந்துவிடும் என்பதால் தை, மாசியில் டெல்டாவில் பெல்ட் வண்டிக்குத்தான் தேவை அதிகம். ஆனால் வயலில் அத்தனை சுலபமாக நகரும் அதே பட்டை தார்ச்சாலையில் சூடேறி விரைவில் தேய்ந்துவிடும். ஆகவே ஏறக்குறைய 200 கிலோமீட்டர் தூரத்தை இன்னொரு வண்டியின் முதுகில்தான் கடக்க வேண்டும்.

முதல் ஆண்டு, வாடகை குறைவு என்ற ஒரே காரணத்துக்காகச் செங்கல் ஏற்றிக்கொண்டிருந்த ஒரு லாரியைப் பிடித்தோம். சரிவுப் பலகை இல்லாததால் மண்மேட்டில் லாரியின் பின்புறத்தை அணைத்து நிறுத்தி ஏற்றினோம்; கயிற்றால் கட்டினோம். தானியம் கொட்டும் குழாயைத் தாங்கியில் வைத்துக் கட்ட வேண்டும் என்பது ஓட்டுநருக்கும் தெரியவில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை. அரியலூரைத் தாண்டுவதற்குள் குழாய் பக்கவாட்டில் திரும்பி, ஒரு புளியமரக் கிளையில் மோதி வளைந்தது. அதைச் சரிசெய்யப் போன நான்கு நாள்களின் வருமானத்தோடு ஒப்பிட்டால், வாடகையில் மிச்சம் பிடித்த தொகை ஒன்றுமே இல்லை.

இவ்வாண்டு இயந்திரங்களை ஏற்றுவதையே தொழிலாகக் கொண்ட ஒருவரை அமர்த்தினோம். கிலோமீட்டருக்கு எவ்வளவு என்று நான் கேட்பதற்கு முன்பே, அவர் இயந்திரத்தின் நீளம், அகலம், உயரம், எடை ஆகியவற்றைக் கேட்டார். எங்களுடையது 9 அடி 2 அங்குல உயரம்; சாதாரண லாரியின் தளம் தரையிலிருந்து 4 அடி என்று வைத்துக்கொண்டால், மொத்தம் 13 அடி 2 அங்குலம். சரக்கு வாகனங்களுக்கு அனுமதிக்கப்பட்ட உயரமான 4 மீட்டரை அது சற்றே தாண்டுகிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 194(1ஏ) பிரிவின்படி, சுமை உயரத்திலோ பக்கவாட்டிலோ வரம்பு மீறினால் 20,000 ரூபாய் அபராதம். சுமையை இறக்கும் செலவும் நம் தலையில்தான். தாழ்தள டிரெய்லருக்கு அவர் கூடுதலாகக் கேட்டது ஏன் என்று அப்போதுதான் விளங்கியது.

காகித வேலையில் நான் பொறுமையாக இருந்தது ஓர் இடத்தில்தான். 2007ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டமும் அதன் 2011ஆம் ஆண்டு விதிகளும் சொல்வது இது: கூடுதல் இடர்க் கட்டணம் செலுத்துவதாகத் தனியே ஒப்புக்கொள்ளாவிட்டால், சேதத்துக்குப் போக்குவரத்தாளரின் பொறுப்பு பொதுவாக வாடகையின் 10 மடங்கோடு நின்றுவிடும். 18,000 ரூபாய் வாடகைக்கு அது 1,80,000 ரூபாய். இயந்திரத்தின் விலையோ பல லட்சம். எனவே சரக்கு ரசீதில் மதிப்பை எழுதச் சொல்லி, அந்த இடர்க் கட்டணத்தையும் பேசி முடித்தேன். சேதம் நேர்ந்தால் பதிவு செய்த நாளிலிருந்து 180 நாள்களுக்குள் எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும் என்பதையும் குறித்துக்கொண்டேன். புறப்படுமுன் நான்கு பக்கமும் படம் எடுத்தபோது ஓட்டுநர் சிரித்தார், ஆனால் தடுக்கவில்லை.

ஏற்றுவதற்கு முதல் நாள் தானியத் தொட்டியைக் காலிசெய்து, பட்டையிலிருந்த சேற்றைக் கழுவினோம். இது அழகுக்காக அல்ல. உள்ளே தங்கிய நெல் அடுத்த வயலின் நெல்லோடு கலந்தால், விதைக்காகப் பயிரிட்டவர் நம்மை மன்னிக்க மாட்டார். சரிவுப் பலகையில் ஏறும்போது இயந்திரத்தைத் திருப்பக் கூடாது, நேர்கோட்டில் மெதுவாக ஏற வேண்டும் என்பது போக்குவரத்தாளரின் கண்டிப்பான விதி. மேலே ஏறியதும் கத்திப் பகுதியை மரக்கட்டையின் மேல் இறக்கி வைத்தார். ஹைட்ராலிக்கை மட்டும் நம்பித் தூக்கிய நிலையில் விட்டால், வழியில் அது தானாகவே இறங்கிவிடுமாம். சங்கிலிகளை அடிச்சட்டத்தில் முன்னும் பின்னும் எதிரெதிர்த் திசையில் இழுத்துக் கட்டினார். பட்டையிலோ கத்தியிலோ ஒன்றைக்கூட மாட்டவில்லை. முதல் 25 கிலோமீட்டரில் வண்டியை நிறுத்தி, தளர்ந்திருந்த இரண்டை மறுபடி இறுக்கினார்.

பெரம்பலூர், அரியலூர் வழியில் சிமெண்ட் லாரிகளின் நெரிசல் வழக்கம்போல் இருந்தது. திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனைக் கூட்டம் இருக்கும் என்பதை நினைவில் வைத்து, அதிகாலையிலேயே ஊரைக் கடந்துவிடும்படி நேரத்தைக் கணித்திருந்தார். மன்னார்குடிக்கு அப்பால் வாய்க்கால் கரைப் பாதையில் டிரெய்லரை விட மறுத்துவிட்டார். வயல்காரருக்கு அது பிடிக்கவில்லை. எனக்கோ அவர் மீது மதிப்பு கூடியது. மெயின் ரோட்டிலேயே இறக்கி, கடைசி ஒரு கிலோமீட்டரை இயந்திரம் கரையோர மண்பாதையில் தானே ஊர்ந்து போனது. பனி உலரப் பத்து மணி ஆனது. அதன் பிறகுதான் முதல் வயலில் கத்தியை இறக்கினோம்.