ஏர் பிரான்ஸ் 447: நின்றுபோன எச்சரிக்கை

2009 மே 31 இரவு ரியோ டி ஜெனிரோவில் கிளம்பிய ஏர் பிரான்ஸ் 447 விமானம் பாரிஸ் போய்ச் சேரவே இல்லை. 228 பேர். நடு அட்லாண்டிக்கில் புயல் விழுங்கிவிட்டது என்றுதான் அப்போது பேசிக்கொண்டோம்.

இடிமேகம் இருந்தது உண்மை. ஆனால் அது விமானத்தை உடைக்கவில்லை. வேகத்தை அளக்கும் பிட்டோ குழாய்களை பனித்துகள் அடைத்தது, அவ்வளவுதான். அதுவும் கொஞ்ச நேரம்தான்! விமானத்தைத் தானாக ஓட்டும் ஆட்டோபைலட் விலகியதும் துணை விமானி மூக்கை மேலே தூக்கினார். இறக்கைகள் தாங்கும் சக்தியை இழந்தன; இதைத்தான் 'ஸ்டால்' என்பார்கள். என்னை உலுக்குவது இதற்கடுத்த பகுதி: வேகம் மிகவும் குறைந்தபோது, அளவீடு நம்பத்தக்கதல்ல என்று கணினி 'ஸ்டால்' எச்சரிக்கையை நிறுத்திவிட்டது. மூக்கைச் சற்று இறக்கினால், அதாவது சரியானதைச் செய்தால், மறுபடி அலறியது. அந்த இருட்டில், குலுக்கலில், யார்தான் குழம்பமாட்டார்? விமானிகளை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

38,000 அடியிலிருந்து கடலுக்கு நான்கு நிமிடம்கூட ஆகவில்லை. இவ்வளவும் தெரிய வந்ததே, 2011இல் சுமார் 3,900 மீட்டர் ஆழத்திலிருந்து கறுப்புப் பெட்டிகளை எடுத்த பிறகுதான்.